ஊர் பார்க்க ஒரு கை



இரக்கம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சித்திரை வெயிலில் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றுகிறோம். கோவில் விசேஷம் என்றால் அன்னதானத்துக்கு அரிசி மூட்டைகள் கேட்காமலே வந்து இறங்குகின்றன. தறியில் ஒருவருக்குக் கை அடிபட்டால் அன்று மாலைக்குள் ஆளுக்கு நூறு, இருநூறு என்று சேர்ந்துவிடுகிறது. மல்லசமுத்திரத்தில் வளர்ந்த எவருக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவையெல்லாம் ஊரே ஒன்றாக நின்று செய்யும் நல்ல காரியங்கள். இந்த மாதம் நான் உங்களோடு பேச விரும்புவது, ஊரே ஒன்றாக ஒருவருக்கு எதிராக நிற்கும் வேளையைப் பற்றி. அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் விலகி, எல்லோரும் பார்க்க, அந்த ஒதுக்கப்பட்டவர் பக்கத்தில் போய் நிற்கிறாரே, அந்த இரக்கத்தைப் பற்றி. நம்மிடம் குறைவாக இருப்பதும், நமக்கு மிகவும் தேவைப்படுவதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

2018 மே மாதத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டுகிறேன். பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கொண்டிருந்த காலம் அது. மே 9ஆம் தேதி, சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர் உறவினர்களோடு குலதெய்வக் கோவிலுக்குக் காரில் போனார். திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் அருகே வழி கேட்க நிறுத்தினார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் அந்த அம்மா. அவ்வளவுதான். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடியது. அடித்த அடியில் அவர் இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

அதே மாதம் 22ஆம் தேதி, உத்தராகண்ட் மாநிலத்தில் ராம்நகர் அருகே ஒரு கோவில். அங்கே தன் தோழியைச் சந்திக்க வந்த முஸ்லிம் இளைஞர் ஒருவரைப் பெருங்கூட்டம் சூழ்ந்துகொண்டது. கை ஓங்கியாகிவிட்டது. அப்போது ககன்தீப் சிங் என்ற காவல் உதவி ஆய்வாளர் உள்ளே நுழைந்து, அந்த இளைஞரைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். விழுந்த அடிகளில் சில அவர்மேலும் விழுந்தன. அவர் கையை விலக்கவில்லை. அப்படியே அணைத்தபடி வெளியே கொண்டுவந்து சேர்த்தார். பிறகு அவருக்குப் பாராட்டும் வந்தது, மிரட்டலும் வந்தது.

ஒரு மாதத்தில் இரண்டு கூட்டங்கள். ஒன்றில் உயிர் போனது. இன்னொன்றில் ஓர் உயிர் வீடு திரும்பியது. இரண்டாவது கூட்டத்தில் இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் இருந்தவர்களைவிட நல்லவர்கள் என்று சொல்ல முடியாது. அங்கே தடுத்து அணைக்க ஒரு கை இருந்தது.

நம் தமிழ்நாட்டிலேயே அப்படிப்பட்ட இன்னொரு கையைப் பார்த்தோம். 2020 ஏப்ரல் 19, ஞாயிறு. சென்னையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். வயது 55. உடலைக் கீழ்ப்பாக்கம் பக்கத்துக் கல்லறைக்குக் கொண்டுபோனால் அங்கே கூட்டம் திரண்டு எதிர்ப்பு. அங்கிருந்து அண்ணா நகர் வேலங்காடு இடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள். குழி தோண்டும்போதே கல்லும் கட்டையுமாக ஒரு கூட்டம் பாய்ந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. ஓட்டுநர்களுக்குக் காயம். மனைவியாலும் மகனாலும்கூட அங்கே நிற்க முடியவில்லை. உடலோடு ஆம்புலன்ஸ் திரும்பியது.

சைமனோடு பணிபுரிந்த எலும்பு மருத்துவர் பிரதீப் குமார் அந்த ஆம்புலன்ஸின் ஸ்டியரிங்கைத் தானே பிடித்தார். மருத்துவமனை ஊழியர்கள் இருவர் கூட வந்தார்கள். போலீஸ் பாதுகாப்போடு, நள்ளிரவு நேரத்தில், பாதுகாப்பு உடை அணிந்து, அதே இடுகாட்டுக்கு மறுபடியும் போனார். கூட்டம் எந்த நேரமும் திரும்பி வரலாம் என்ற பயத்தோடு, கிடைத்த மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் மண்ணைத் தள்ளித் தள்ளி நண்பரைப் புதைத்தார்கள். எத்தனையோ பேரின் தலையையும் முதுகுத்தண்டையும் சரிசெய்த மருத்துவர் ஒருவருக்குக் கடைசியில் மண் போட மிஞ்சியவர்கள் மிகச் சிலர்தான்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கொடியவர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களைப் பிடித்து ஆட்டியது பயம். நம் தெருவில் புதைத்தால் நம் பிள்ளைகளுக்கு வந்துவிடுமோ என்ற பயம். முறையாகப் பொதிந்து அடக்கம் செய்த உடலிலிருந்து நோய் பரவும் ஆபத்து இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதற்கு ஒரு மாதம் முன்பே வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. ஆனால் பயந்த மனிதரிடம் சுற்றறிக்கை பேசாது. அவர் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைத்தான் பார்ப்பார். அந்த முகத்திலும் பயம் இருந்தால் இவருடைய பயம் இரண்டு மடங்காகும். அடுத்த முகத்தில் நான்கு மடங்கு. கூட்டம் வளர்வது இப்படித்தான்.

அதனால்தான் பிரதீப் குமார் செய்ததை நண்பருக்குச் செய்த கடமையாக மட்டும் நான் பார்க்கவில்லை. பயப்படாத ஒரு முகத்தைத் தமிழ்நாடு முழுவதும் மறுநாள் காலை பார்த்தது. அன்றே நடிகரும் அரசியல் தலைவருமான விஜயகாந்த், கொரோனாவால் இறந்தவர்களை அடக்கம் செய்யத் தன் கல்லூரி இடத்தின் ஒரு பகுதியைத் தருவதாக அறிவித்தார். ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 26ஆம் தேதி, இப்படி அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. பிறகு வந்த மாதங்களில், சொந்தக்காரர்களே தொடத் தயங்கிய உடல்களைத் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) உள்ளிட்ட பல அமைப்புகளின் இளைஞர்கள் எடுத்துப்போய், அவரவர் மத வழக்கப்படி அடக்கம் செய்தார்கள். நோயைப் பரப்பியதே நீங்கள்தான் என்று அந்த ஏப்ரலில் நாடெங்கும் ஏச்சு வாங்கிய சமூகத்துப் பிள்ளைகள் அவர்களில் பலர். அவர்கள் தூக்கிய உடல்களில் ஏசியவர்களின் வீட்டு உடல்களும் இருந்திருக்கும்.

ஒரு முகம் மாறினால் கூட்டம் எப்படித் தளர்கிறது என்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஓர் எளிய சோதனை செய்தார். அட்டையில் சில கோடுகள். எந்தக் கோடு எந்தக் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று சொல்லவேண்டும். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும், முன்பே பேசிவைத்தபடி, வேண்டுமென்றே தவறான விடையைச் சொன்னார்கள். கடைசியில் சொல்ல வேண்டியவர், தன் கண்ணுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு, ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை, கூட்டம் சொன்னதையே சொன்னார். பிறகு ஆஷ் ஒரு மாற்றம் செய்தார். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடையைச் சொல்லவைத்தார். உடனே தவறுக்குத் தலையாட்டுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து யோசித்துப் பாருங்கள். சந்தையில் திருடன் என்று யாரையோ பிடித்து அடிக்கிறார்கள். சுற்றி ஐம்பது பேர். அடிப்பவர்கள் நான்கைந்து பேர்தான். மற்றவர்களில் பாதிப்பேர் மனதுக்குள் "ஐயோ, போதும் விடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். வாய் திறப்பதில்லை. நாம் மட்டும்தான் இப்படி நினைக்கிறோம் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார். ஒருவர் முன்னால் வந்து "விடுங்க, போலீஸ் வரட்டும்" என்று சொல்லிவிட்டால் அந்தப் பாதிப்பேருக்கும் குரல் வந்துவிடுகிறது. முதலில் வருபவர் அடிபடுபவரை மட்டுமா காப்பாற்றுகிறார்? வேடிக்கை பார்த்தோமே என்ற காலம் முழுவதுமான உறுத்தலிலிருந்து சுற்றி நின்றவர்களையும் காப்பாற்றுகிறார்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்றுதானே பெரியவர்கள் சொல்கிறார்கள்? நல்லதைப் பத்துப் பேர் பார்க்கச் செய்தால் அது விளம்பரம் ஆகாதா?

உதவி பெறுபவரின் மானத்தைக் காப்பாற்றச் சொன்னது அது. பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துக்குப் பணம் கொடுப்பதை மறைவாகத்தான் செய்யவேண்டும். போட்டோ எடுத்துப் போடக்கூடாது. ஆனால் ஊரே ஒருவரை ஒதுக்கிவைத்திருக்கும்போது, இருட்டிய பிறகு பின்வாசல் வழியாகப் போய் "எனக்கு உங்கமேல வருத்தம்தான்" என்று சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கும்? அவரை வதைப்பது வறுமை அல்ல. தெருவில் ஒருவரும் தன்னோடு பேசுவதில்லை என்பது. ஊர் பார்க்க நடந்த அவமானம் ஊர் பார்க்கத்தான் ஆறும். அந்த நேரத்தில் மறைவான இரக்கம் செய்பவரின் மனதுக்கு ஆறுதல் தரும். பெறுபவருக்கு வெளிப்படையான இரக்கம் வேண்டும்.

திருவள்ளுவர் அருளுடைமையைத் துறவறவியலில் வைத்தார். கண்ணோட்டம் என்று தனியே ஓர் அதிகாரம் எழுதி, அதைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தார். ஆள்பவனும் பொறுப்பில் இருப்பவனும் நாலு பேர் நடுவில் காட்டவேண்டிய இரக்கமும் ஒன்று உண்டு என்று அவர் நினைத்திருக்கவேண்டும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் மண்ணில் இதற்குப் பாடம் இல்லாமல் இல்லை. சேலத்தில் 1900இல் வக்கீலாகத் தொழில் தொடங்கிய ராஜாஜி, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையை, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்தார். சொந்தச் சாதியாரிடமிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. அவர் மாற்றவில்லை. 1925இல், திருச்சானூர்க் கோவிலுக்குள் பக்திப் பெருக்கில் போய்விட்ட ஒரு தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பக்தருக்குத் தண்டனை விதித்துவிட்டார்கள். ஒத்துழையாமை இயக்கத்துக்காக நீதிமன்றத்தையே துறந்திருந்த ராஜாஜி, அவருக்காக மட்டும் சித்தூர் நீதிமன்றத்துக்குப் போய் வாதாடி விடுதலை வாங்கிக்கொடுத்தார். அதே 1925 பிப்ரவரியில்தான் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். ஊர்ப் பெரியவரான இரத்தினசபாபதி கவுண்டர் இடம் கொடுத்தார். வசதியான வீட்டில் இருந்த வக்கீல், மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே குடிசைக்கு வந்து சேர்ந்தார். ஆசிரமத்தில் எல்லாச் சாதியினரும் ஒன்றாக இருந்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் நம் வட்டாரத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ராஜாஜியின் அரசியலில் பலருக்குப் பல மாறுபாடுகள் உண்டு. குலக்கல்வித் திட்டத்தை இன்றும் யாரும் மறக்கவில்லை. ஆனால் புதுப்பாளையத்துப் பந்தியில் யாருக்கு அருகில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை இந்த வட்டாரம் பார்த்தது. பார்த்ததை மறுபடி பார்க்காததாக ஆக்க முடியாது.

இன்னொரு பாடம் நம் மாவட்டத்தின் காயத்திலிருந்து வந்தது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில், லாரித் தொழில் செழித்த நாமக்கல் மாவட்டம் பாதிப்பு அதிகமுள்ள மாவட்டங்களில் ஒன்றாகப் பெயர் வாங்கியது. அந்தக் காலத்தை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே தனித் தட்டு, தனி டம்ளர். சாவு வீட்டில் குளிப்பாட்ட ஆள் இல்லை. டீக்கடையில் சாதிக்கென்று ஒரு தனி டம்ளர் இருந்ததே, அதுவே இன்னொரு பெயரில் வீட்டுக்குள்ளும் வந்தது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் எந்த வேடத்தில் வந்தாலும் முதலில் கேட்பது தனி டம்ளரைத்தான்.

அந்தச் சூழலில் நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா, 1995இல் திருமணமாகிக் கணவர் வழியாகத் தொற்று வந்ததை மறைக்காமல், தன் பெயரையும் முகத்தையும் காட்டி வெளியில் சொன்னார். இந்தியாவில் அப்படிச் சொன்ன முதல் பெண்களில் அவரும் ஒருவர். 1998இல் தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். தனக்கு ஏற்பட்டதை மூடி மறைத்திருந்தால் ஊரின் ஏச்சிலிருந்து அவர் தப்பியிருக்கலாம். அவர் வெளியில் சொன்னதால், அடுத்த தெருவில் அழுதுகொண்டிருந்த இன்னொரு பெண்ணுக்குத் தான் தனியாள் இல்லை என்று தெரிந்தது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து வந்தது. 2017இல் எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கிவைப்பதைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. மருந்தும் சட்டமும் வருவதற்கு முன்பே இப்படிப்பட்ட பெண்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

இதே நோய் தொடர்பாகத்தான் உலகம் மறக்காத ஒரு கைகுலுக்கலும் நடந்தது. 1987 ஏப்ரலில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இளவரசி டயானா, எய்ட்ஸ் நோயாளி ஒருவரின் கையைக் கையுறை இல்லாமல் பிடித்துக் குலுக்கினார். மருத்துவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்ததுதான், தொட்டால் வராது என்று. படத்தில் அந்தக் கைகளைப் பார்த்த பிறகே பலர் நம்பினார்கள்.

இளவரசிதான் செய்யவேண்டும் என்பதில்லை. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்தது. சில ஊர்களில், சமைப்பவர் பட்டியலினத்தைச் சேர்ந்தவர் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிடவேண்டாம் என்று பெற்றோர் தடுத்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டி கிராமப் பள்ளிக்குக் கனிமொழி எம்.பி. போய், அந்தச் சமையலர் செய்த உணவைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பொங்கலையோ உப்புமாவையோ எடுத்து வாயில் வைப்பதற்கு எம்.பி. பதவி வேண்டியதில்லை. எதிர்வீட்டு அத்தை ஒருவர் காலையில் பள்ளிக்குப் போய், "எனக்கும் ஒரு கரண்டி வைம்மா" என்று கேட்டு உட்கார்ந்தால் போதும். ஆட்சியர் உத்தரவைவிட அது ஊருக்குள் ஆழமாக இறங்கும்.

இனி நமக்கு மிக அருகில் உள்ள ஒன்றைச் சொல்கிறேன்.

நம் பகுதியில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் லாரி ஓட்டுகிறார்கள்! திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ராஜஸ்தான், ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் போகிறவர்கள் எத்தனை பேர்! அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு விபத்தைவிடப் பெரிய பயம் எது என்று. விபத்துக்குப் பிறகு கூடும் கூட்டம்தான். தப்பு யார்மேல் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பெரிய வண்டி ஓட்டியவனை இறக்கி அடிப்பார்கள். மொழியும் தெரியாது. விபத்து நடந்தால் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது ஓட்டுநரின் கடமை என்று சொல்லும் மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவே, கூட்டத்தின் ஆவேசத்தால் அது முடியாமல் போனாலொழிய என்று விதிவிலக்கு எழுதிவைத்திருக்கிறது. கூட்டத்தின் ஆவேசம் அந்த அளவுக்கு வழக்கமான ஒன்று.

அப்படிச் சிக்கியும் உயிரோடு வீடு திரும்பிய ஓட்டுநர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிப் பாருங்கள். ஏதோ ஒரு தாபாக்காரர், ஏதோ ஒரு சர்தார்ஜி, பேர் தெரியாத ஒரு மூதாட்டி, குறுக்கே வந்து "விடுங்கள்" என்று அவர்கள் மொழியில் சொன்னதால் தப்பித்தோம் என்பார்கள். நம் வீட்டு விளக்கு அணையாமல் இருப்பது முகம் தெரியாத ஒருவர் தன் சொந்த ஊர்க்காரர்களைப் பகைத்துக்கொண்டதால்.

இன்று நம் விசைத்தறிகளில், கோழிப்பண்ணைகளில், ஜவ்வரிசி ஆலைகளில் யார் வேலை செய்கிறார்கள்? பீகார், ஒடிசா, அசாம் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நாலைந்து பேராகச் சேர்ந்து நின்று காய்கறி வாங்குகிறார்கள். ஊரில் ஒரு செயின் பறிபோனால், ஒரு குழந்தை அரைமணி நேரம் காணாமல் போனால், முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான் பாய்கிறது. நம் பிள்ளை நாக்பூர் சாலையில் நிற்கும்போது அங்குள்ளவர்களிடம் நாம் எதை வேண்டுகிறோமோ, அதை இந்தப் பிள்ளைகளுக்கு மல்லசமுத்திரத்தில் நாம் கொடுக்கவேண்டும். பட்ட கடனைப் பட்ட இடத்தில் திருப்பித் தர முடியாது. இங்கேதான் திருப்ப முடியும்.

"அவன் உண்மையிலேயே திருடியிருந்தால்?" என்று கேட்பீர்கள். திருடியிருக்கலாம். இரக்கப்படுவது என்றால் நிரபராதி என்று சான்றிதழ் கொடுப்பது அல்ல. போலீஸ் வரும்வரை அவன் உயிரோடு, எலும்பு முறியாமல், உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் உள்ள மனிதனாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் கேட்பது. குற்றம் செய்தவனா இல்லையா என்று சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. அடித்துச் சாகடித்த பிறகு நிரபராதி என்று தெரிந்தால் அதைத் திருத்த எந்த நீதிமன்றமும் இல்லை.

எல்லோராலும் ககன்தீப் சிங்கைப் போலப் பாய முடியாது. அவருக்குக் காக்கிச் சட்டை இருந்தது. பாய வேண்டியதும் இல்லை. நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு.

கூட்டத்தைத் திட்டாதீர்கள். திட்டினால் அதற்கு இன்னொரு எதிரி கிடைத்துவிடுவார். நேராக அந்த மனிதர் பக்கத்தில் போய் நில்லுங்கள். முடிந்தால் உட்காரவையுங்கள். ஒரு சொம்பு தண்ணீர் கேளுங்கள். தண்ணீர் கொண்டுவர ஒருவர் நகர்ந்தாலே கூட்டத்தில் ஒரு கை குறைந்து, உதவிக்கு ஒரு கை கூடிவிடும்.

சிறிய ஊருக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. நகரத்துக் கூட்டத்துக்கு முகம் இல்லை. நம் ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் யாருக்காவது மாமன், மச்சான், சித்தப்பா. பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "ஏனுங் மாமா, செத்த இப்படி வாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க." பேரும் முறையும் சொல்லிக் கூப்பிட்டதும் அவர் கூட்டத்தின் துண்டாக இருப்பதை விட்டு மறுபடியும் மாமா ஆகிவிடுவார். பருத்தி ஏலத்தில் உங்கள் மூட்டைக்குப் பக்கத்தில் மூட்டை போட்டிருந்தவர்தானே அவர்!

உடனே 112க்கோ 100க்கோ போன் செய்யுங்கள். காயம் இருந்தால் 108. செல்போனை வீடியோ எடுக்கத் தூக்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பிள்ளை பிடிப்பவர்கள் என்று படத்தோடு ஏதாவது வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அத்திமூரில் அந்த மூதாட்டியை முதலில் அடித்தது அப்படி விரல் நுனியால் அனுப்பிய ஒன்றுதான்.

தனியாக நிற்கத் தைரியம் வரவில்லை என்றால் அதில் வெட்கம் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாக, "இது தப்புங்க, நாம ரெண்டு பேரும் போலாமா?" என்று கேளுங்கள். அவரும் அதையே நினைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அதுவும் முடியாமல் போய்விட்டதா? மறுநாள் ஒன்று செய்யலாம். கூட்டத்தை எதிர்த்து நின்றவருக்கு அதன் பிறகு வரும் நாட்கள்தான் கடினம். கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். விசேஷத்துக்கு அழைப்பு வராது. "பெரிய யோக்கியன்" என்ற பேர் ஒட்டிக்கொள்ளும். அவர் டீக்கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு பேர் காதில் விழும்படி, "நேத்து நீங்க செஞ்சது சரிங்க" என்று சொல்லுங்கள். அடுத்த முறை கூட்டம் கூடும்போது அவர் மறுபடியும் முன்னால் வருவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும். அது உங்களையும் முன்னால் கொண்டுவரும்.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். பள்ளியில் எல்லோரும் சேர்ந்து ஒரு பையனைக் கேலி செய்யும்போது, மதியம் அவன் பக்கத்தில் போய் டிபன் பாக்ஸைத் திறக்கும் பிள்ளையை வீட்டில் பாராட்டுங்கள். நூறு மதிப்பெண்ணுக்குப் பாராட்டுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பாராட்டுங்கள். கூட்டத்துக்கு நடுவில் தலை நிமிர்ந்து நிற்கும் பழக்கம் நாற்பது வயதில் திடீரென்று வராது. நாலாம் வகுப்பில் வந்தால் நிலைக்கும்.

வாசகர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரே எதிர்த்து நின்றபோது ஒருவர் பக்கம் நின்ற மனிதர்கள் உங்கள் தெருவிலும் இருந்திருப்பார்கள். கலப்புத் திருமணம் செய்த பெண்ணுக்கு வளைகாப்பு நடத்திய பக்கத்து வீட்டுப் பாட்டி, கொரோனாக் காலத்தில் ஒதுக்கப்பட்ட வீட்டு வாசலில் தினமும் பால் வைத்துவிட்டுப் போன பால்காரர், அயலூர்த் தொழிலாளியைக் காப்பாற்றத் தன் கடைக் கதவைத் திறந்துவிட்ட மளிகைக்காரர் என்று அவர்கள் யாராகவும் இருக்கலாம். அவர்களைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரோடு, இல்லையென்றால் பெயரில்லாமல், வரும் இதழ்களில் வெளியிடுவோம். அடித்தவர்களின் செய்திக்கு எல்லாப் பத்திரிகையிலும் இடம் கிடைக்கிறது. அணைத்தவர்களுக்கு நம் பத்திரிகையில் நிரந்தரமாக ஓர் இடம் இருக்கட்டும்.

நம் ஊர் நல்ல ஊர் என்று நாம் எல்லோரும் பெருமையோடு சொல்கிறோம். அதை அன்னதானப் பந்தியில் மட்டும் காட்டினால் போதாது. யாரோ ஒருவர் தனியாக மாட்டிக்கொள்ளும் நாளிலும் காட்டவேண்டும். அந்த நாளில் முன்னால் வரும் முதல் ஆள் நீங்களாக இருங்கள். இரண்டாவது ஆளாக வர நான் முயல்வேன். மூன்றாவது, நான்காவது ஆட்கள் நம் ஊரில் நிச்சயம் இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்